மஞ்சள் காமாலை: கல்லீரலைத் தாக்குவது வைரஸா, நம் எதிர்ப்பு சக்தியா? சைட்டோகைன்கள் சொல்வது என்ன?

எஸ்ஜிபிடி 2,000-ஐத் தாண்டிவிட்டது என்று லேப் ரிப்போர்ட் வந்தால் வீட்டில் எல்லோரும் பதறிப்போவது இயல்புதான். சாதாரணமாக 40-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. ஆனால் அந்த எண் சொல்வது ஒரே விஷயம்தான்: கல்லீரல் செல்கள் உடைந்து, உள்ளே இருந்த என்சைம் ரத்தத்தில் கலந்துவிட்டது. உடைத்தது யார், இன்னும் உடையுமா? அதற்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் சைட்டோகைன்கள் பக்கம் போகிறார்கள்.

அது என்ன சைட்டோகைன்?

நம் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல வெளியிடும் குட்டிப் புரதங்கள். கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று கேட்டிருப்பீர்களே, அதேதான். இதில் ரொம்பப் பிரபலமானது இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் இருவரும் கண்டுபிடித்தது. வைரஸ் நுழைந்த செல், பக்கத்து செல்களை உஷார்படுத்த அனுப்பும் எச்சரிக்கை இது. ஐபி-10 என்று இன்னொன்று, வெள்ளை அணுக்களைக் கல்லீரலுக்குக் கூப்பிடும். இன்டர்லூகின்-6 காய்ச்சலைக் கிளப்பிவிடும்.

அடிப்பது யார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ, பி வைரஸ்கள் பெரும்பாலும் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அழிக்க வரும் டி செல்கள்தான் சேதத்தை உண்டாக்குகின்றன. ஹெபடைடிஸ் ஏ நோயாளிகளை ஆராய்ந்த தென்கொரிய விஞ்ஞானிகள் 2018-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். இன்டர்லூகின்-15 என்ற சைட்டோகைன், இந்த வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத, வேறு கிருமிகளுக்காகத் தயாரான டி செல்களையும் உசுப்பிவிடுகிறது. சண்டைக்குச் சம்பந்தமில்லாத ஆட்களும் கம்போடு வந்து இறங்கிய கதைதான்.

ஹெபடைடிஸ் பி வேறு ரகம். ஆரம்பத்தில் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையே பெரிதாக எழாது. அதனால் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் பெருகும்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் இந்த டெஸ்ட் எடுப்பதில்லை?

ஏனென்றால் இவை கல்லீரலுக்கு மட்டுமே உரியவை அல்ல. டெங்குவிலும் ஏறும், கொரோனாவிலும் ஏறும். சில மணி நேரத்திலேயே அளவு மாறியும் விடும். எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்க ஐஜிஎம் போன்ற ரத்தப் பரிசோதனைகளே போதும். இன்னொரு சிக்கல், பலரும் எடுக்கும் சிஆர்பி டெஸ்டில் இருக்கிறது. இன்டர்லூகின்-6 உத்தரவு போட, அந்த சிஆர்பியைத் தயாரிப்பதே கல்லீரல்தான். கல்லீரலே படுத்துவிட்டால், அழற்சி கடுமையாக இருக்கும்போதும் சிஆர்பி குறைவாகக் காட்டலாம்.

எஸ்ஜிபிடி குறைந்தால் நிம்மதியா?

அவசரப்படாதீர்கள். பிலிருபினும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் சேர்ந்து இறங்கினால்தான் நல்ல செய்தி. எஸ்ஜிபிடி இறங்கி, அவை இரண்டும் ஏறினால், உடைவதற்கு இனி செல்கள் அதிகம் மிச்சமில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். நோயாளி குழப்பமாகப் பேசினால், பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழித்திருந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மூன்றாவது மும்மாதத்தில் ஹெபடைடிஸ் இ தாக்கினால் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கீழாநெல்லி சாப்பிட்டு சரியானது என்று சொல்பவர்கள் நிறைய. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்! கை வைத்தியம் பார்ப்பவர்களும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஐஎன்ஆர் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடும் முன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஓவர்டோஸ் ஆனால் அதுவும் கல்லீரலைத்தான் அடிக்கும்.