அடுக்குக் கேக்கின் மேல் ஒரு சிலந்தி: அச்சமும் வண்ணமும்

அக்டோபர் 31 நெருங்கும்போது இந்தியப் பெருநகரங்களின் வீட்டுச் சமையலறைகள் சிலவற்றிலும் இப்போது ‘பேய்க் கேக்’ உருவாகிறது. கரிய ஸ்பாஞ்ச் அடுக்குகள் மூன்று, அவற்றின் நடுவே ஆரஞ்சு நிற வெண்ணெய்க் க்ரீம், மேற்பரப்பில் சிலந்திவலை, விளிம்பிலிருந்து குருதிபோல் வழியும் சிவப்புச் சர்க்கரைப் பாகு, உச்சியில் ஒரு மண்டையோடு. இதை மேலைப் பண்பாட்டின் இறக்குமதி என்று ஒதுக்கிவிடலாம். குழந்தை விளையாட்டு என்று புன்னகைத்துக் கடந்தும் விடலாம். வரலாற்று மாணவருக்கு இங்கே வேறொரு கேள்வி இருக்கிறது. உண்ணும் பண்டத்தின்மீது சாவின் சின்னங்களை வரைந்து, அதைத் தயக்கமின்றிக் குழந்தையின் கையில் கொடுக்கும் துணிவு மனிதர்க்கு எப்போது வந்தது? தின்பண்டத்தின் வண்ணம் உண்மையிலேயே கொல்லும் நிலை மாறிய பின்னரே வந்தது என்பது என் வாதம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘ஹாலோவீன்’ என்பது ‘ஆல் ஹாலோஸ் ஈவன்’ என்ற தொடரின் குறுக்கம். நவம்பர் 1ஆம் நாள் கொண்டாடப்படும் புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை என்பது பொருள். அடுத்த நாளான நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாள். இடைக்கால இங்கிலாந்தில் இந்நாள்களில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோரின் ஆன்மாவுக்காக மன்றாடுவதாகக் கூறிச் சிறு கேக்குகளைப் பெற்றனர். ‘ஆன்மக் கேக்’ எனப்பட்ட அப்பண்டத்தின்மேல் பெரும்பாலும் சிலுவைக் குறி இருந்தது; எலும்புக்கூடோ பேயுருவோ இல்லை. இறந்தோர் உறவினராகவே கருதப்பட்டனர். அவர்களை எண்ணி உண்பதில் அச்சத்துக்கு இடமில்லை. ஆகவே இன்றைய பேய்க் கேக்கை அந்த ஆன்மக் கேக்கின் நேர்வாரிசு என்று கூற இயலாது.

அடுக்குக் கேக்கே மிகப் பழையதன்று. ஈஸ்ட்டை நம்பியோ முட்டையை நெடுநேரம் அடித்தோ மாவை உப்பச்செய்த காலத்தில் இது எளிய வீட்டு வேலையாக இருக்கவில்லை. 1796இல் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் அமெரிக்கச் சமையல் நூல், மரச்சாம்பலிலிருந்து பெறப்படும் காரப்பொருளைக் கொண்டு மாவை உப்பவைக்கும் முறையை அச்சில் ஏற்றியது. 1843இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு, ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1856இல் அமெரிக்க வேதியியலர் எபன் ஹார்ஸ்ஃபர்டு பேக்கிங் பவுடருக்கான பாஸ்பேட் அமிலப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். அமிலமும் காரமும் ஈரத்தில் சந்திக்கும்போது எழும் கார்பன் டை ஆக்சைடு மாவைச் சில நிமிடங்களில் உயர்த்துகிறது. இரும்பு அடுப்புகளும் கைச்சுழலி முட்டையடிப்பான்களும் பரவியதும், ஆழமற்ற தட்டங்களில் மெல்லிய கேக்குகளைச் சுட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இல்லத்தரசிகளின் கைக்கு எட்டியது. வெண்ணிறத் ‘தேவதைக் கேக்’குக்கு எதிரிணையாகக் கரிய சாக்லேட் கேக் ‘சாத்தானின் உணவு’ என்று அமெரிக்காவில் பெயர் பெற்றதும் ஏறத்தாழ இக்காலத்தையொட்டித்தான்.

கேக் உயர்ந்த இந்த நூற்றாண்டில் அதன்மேல் பூசிய வண்ணங்கள் எவை? லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலர் ஃபிரெடரிக் ஆக்கம் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகளுக்கான மிட்டாய்களில் சிவப்புக்காக ஈயச் சேர்மமும் சாதிலிங்கமும், பச்சைக்காகச் செப்பு உப்புகளும் சேர்க்கப்படுவதை அதில் அம்பலப்படுத்தினார். அந்நூலின் அட்டையை நினைவில் கொள்ளுங்கள்: பின்னிப் பிணைந்த பாம்புகளாலான சட்டகம், நடுவே தன் வலையில் இரையை உண்ணும் சிலந்தி, மேலே ஒரு மண்டையோடு. இன்று நாம் கேக்கின்மேல் வரையும் அதே உருவங்கள் அன்று உணவுக்குள் நஞ்சிருக்கிறது என்ற எச்சரிக்கையாக நின்றன.

எச்சரிக்கை வீண்போகவில்லை என்று சொல்ல முடியாது. 1858 அக்டோபர் 30, சனிக்கிழமை. ஹாலோவீனுக்கு முந்திய நாள். இங்கிலாந்தின் பிராட்ஃபர்டு சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் புதினா மிட்டாய் விற்றார். சர்க்கரை விலை மிகுதி. எனவே மிட்டாய் செய்வோர் விலை மலிந்த வெண்ணிறப் பொடியைக் கலப்பது வழக்கம். அந்தப் பொடியை வாங்க மருந்துக்கடைக்குச் சென்றபோது, கடை உதவியாளர் தவறுதலாக 12 பவுண்டு ஆர்சனிக்கை அளந்து கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 20 பேர் இறந்தனர்; 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆங்கிலத்தில் ‘ஹம்பக்’ என்னும் சொல் புதினா மிட்டாயையும் ஏமாற்றையும் ஒருங்கே குறிக்கும். அந்தச் சந்தையில் இரு பொருளும் ஒன்றாயின. நவம்பரில் ‘பஞ்ச்’ இதழ், மிட்டாய்க்கு மாவு கலக்கும் எலும்புக்கூட்டைக் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. 1860இன் கலப்படச் சட்டத்துக்கும் 1868இன் மருந்தகச் சட்டத்துக்கும் இந்நிகழ்வு உந்துதலாயிற்று.

இதற்கு ஈராண்டு முன்பு, 1856இல், 18 வயது வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரின் வழிப்பொருளிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டறிந்திருந்தார். துணிக்கென உருவான அத்தகைய சாயங்கள் விரைவில் உணவிலும் இறங்கின. ஒரு சிட்டிகை போதும், விலையும் குறைவு. அமெரிக்கா 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டத்தை இயற்றி, 1907இல் ஏழு செயற்கை நிறமிகளை மட்டும் உணவுக்கு ஏற்றவை என்று பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று ‘ஆரஞ்சு எண் 1’. அதே பத்தாண்டில், 1909இல், டெனிசன் நிறுவனம் தன் க்ரேப் காகிதத்தை விற்கும் பொருட்டு ஹாலோவீன் அலங்காரக் கையேட்டை வெளியிட்டது. கறுப்பும் ஆரஞ்சும், பூனையும் வௌவாலும் வீட்டு விருந்துக்கு உரியவையாக நிலைபெறுவதில் அத்தகைய வணிக ஏடுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சம் இப்போது அலங்காரமாயிற்று.

ஆனால் அலங்காரத்துக்குள் பழைய அச்சம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் ஹாலோவீன் காலத்தில் அமெரிக்கக் குழந்தைகள் பலர் ஆரஞ்சு நிற மிட்டாய் உண்டு நோயுற்றனர். அதில் 1 முதல் 2 விழுக்காடு வரை இருந்த நிறமி, பாதுகாப்பானவை எனத் தேர்ந்த ஏழில் ஒன்றாகிய அதே ‘ஆரஞ்சு எண் 1’. 1950களின் நடுவில் அது பட்டியலிலிருந்து நீங்கியது. 1960இன் திருத்தச் சட்டம், சந்தைக்கு வருமுன்பே நிறமியின் பாதுகாப்பை நிறுவவேண்டும் என்றது. ஏழில் மற்றொன்றான எரித்ரோசின் என்னும் சிவப்புக்கு உணவில் இருந்த அனுமதியை அந்நாடு 2025 ஜனவரியில் விலக்கியது. இந்தியப் பட்டியலில் அது பல ஆண்டுகளாக இடம்பெற்றிருப்பது. பாதுகாப்பானது என்ற முத்திரை நிலைத்த உண்மையன்று. அவ்வப்போது மறுபடி சோதிக்கப்படவேண்டிய ஒரு முடிவு.

நம் நாட்டில் 1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2006இன் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டமும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. சில உணவுகளில் மட்டும், வரையறுத்த அளவில், எட்டுச் செயற்கை நிறமிகளுக்கே அனுமதி. எனினும் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தன. காரணம், துணிச்சாயமான ரோடமின்-பி அதில் இருந்தது. அடுத்த மாதம் கர்நாடகமும் செயற்கை வண்ணமூட்டிய பஞ்சுமிட்டாயைத் தடுத்தது. துணிக்குரிய சாயம் குழந்தையின் நாவுக்கு வந்த பாதை இன்னும் அடைபடவில்லை.

இந்தப் பின்னணியில் வீட்டில் சுடும் பேய்க் கேக்குக்கு ஒரு பொருள் உண்டு: அதன் வண்ணம் எதிலிருந்து வந்தது என்று செய்தவர் அறிவார். கறுப்புக்குக் காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு முறைக் கோகோ போதும். வேகவைத்து மசித்துத் தண்ணீர் வடித்த பரங்கிக்காய் க்ரீமுக்கு மென்மையான ஆரஞ்சைத் தரும். பீட்ரூட்டின் சிவப்பு அடுப்புச் சூட்டில் மங்கும். எனவே அதை மாவில் சேர்க்காமல், மேலே வழியவிடும் பாகில் சேர்ப்பது நன்று. சமையல் சோடா சேர்ந்த மாவில் மஞ்சள்தூள் செம்மை கொள்ளும். சங்குப்பூவின் நீலச்சாறு எலுமிச்சைத் துளி பட்டதும் ஊதாவாகும். பெர்கினின் சாயத்தை நினைவூட்டும் நிறம், சாயப்பட்டறை இல்லாமலே. சிலந்திவலைக்கு, வெள்ளை ஐசிங் உறையுமுன் உருக்கிய சாக்லேட்டால் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, பற்குச்சியை நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்தால் போதும். கடையில் நிறமி வாங்குவோர் உறையின்மேல் நிறமியின் பெயரும் உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். பெயரில்லாப் பொட்டலத்தைத் தவிர்க்கவேண்டும்.

ஆக்கத்தின் அட்டையிலிருந்து நம் கேக்கின் உச்சிக்குச் சிலந்தி இறங்கிவர இரு நூற்றாண்டுகள் ஆயின. அந்தத் தொலைவைக் கடக்கவைத்தவர்கள் ஆய்வகத்தில் மிட்டாயைக் கரைத்துப் பார்த்தவர்கள், சட்டம் எழுதியவர்கள், பிராட்ஃபர்டு சந்தைக்கு மிட்டாய் வாங்கச் சென்று மீளாதவர்கள். மண்டையோட்டைப் பார்த்துக் குழந்தை சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உழைப்பின்மீது நாம் வைத்த நம்பிக்கையே வெளிப்படுகிறது. பஞ்சுமிட்டாய்க்காரரிடம் கைநீட்டும் குழந்தைக்கும் அந்த நம்பிக்கையில் உரிமை உண்டு.