சுற்றுவட்டம் (சாலை)

சுற்றுவட்டம் என்பது பல சாலைகள் கூடும் சந்தியில், நடுவிலுள்ள வட்டத் திட்டைச் சுற்றி வாகனங்கள் ஒரே திசையில் செல்லுமாறு அமைக்கப்படும் சாலை அமைப்பு ஆகும். தமிழ்நாட்டில் இது ரவுண்டானா எனப் பரவலாக அறியப்படுகிறது. ஆரணி வட்டாரத்தினர் அறிந்த எடுத்துக்காட்டு வேலூரின் கிரீன் சர்க்கிள். இடப்புறமாக வாகனம் ஓட்டும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் வாகனங்கள் வட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றும்.

முன்னுரிமை விதி

உள்ளே நுழையும் வாகனம், ஏற்கனவே வட்டத்தில் சுற்றிவரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். அவ்வாகனம் வலப்புறமிருந்தே வரும் என்பதால் நுழைபவர் வலப்பக்கம் கவனித்தல் முதன்மையானது. பிரித்தானியா இவ்விதியை 1966 இல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன், நெரிசல் வேளையில் நுழைவோர் வெளியேறுவோரின் வழியை அடைத்துவிட, வட்டம் முழுவதுமே அசையாமல் நின்றுவிடுவதுண்டு. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் வட்டத்தினுள் செல்லும் வாகனத்துக்கே முன்னுரிமை அளிக்கின்றன; எனினும் நம் சாலைகளில் முந்தி நுழைபவருக்கே வழி என்ற நிலைதான் பெரிதும் காணப்படுகிறது. பாரிசின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள வட்டத்தில் விதி நேர்மாறானது: அங்கு நுழைபவருக்கே முன்னுரிமை.

ஓட்டும் முறை

சந்தியை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்து, போதிய இடைவெளி கிடைத்த பின் நுழைய வேண்டும். முதல் வழியில் இடப்புறம் திரும்புவோர் இடது தடத்தையும், வலப்புறம் செல்வோர் திட்டை ஒட்டிய தடத்தையும் பயன்படுத்துவர். எவ்வழியில் வெளியேறினாலும், அதற்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடப்புறச் சைகை காட்டுதல் வேண்டும். வட்டத்தினுள் முந்துவதும் நிறுத்துவதும் ஆபத்தானவை. பேருந்து, லாரி ஆகியவற்றின் பின்சக்கரங்கள் திருப்பத்தில் முன்சக்கரங்களைவிட உள்வாங்கிச் செல்லும். எனவே இருசக்கர வாகனத்தினர் அவற்றின் பக்கவாட்டில் செல்லலாகாது.

பயன்களும் வரம்பும்

நான்கு சாலைகள் கூடும் சாதாரண சந்தியில் வாகனப் பாதைகள் குறுக்கிடும், இணையும் அல்லது பிரியும் புள்ளிகள் 32. ஒருதடச் சுற்றுவட்டத்தில் இவை 8 மட்டுமே. நேருக்கு நேரான மோதலும் செங்குத்தான பக்கவாட்டு மோதலும் பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. நேரும் மோதலும் குறைந்த வேகத்தில், சாய்கோணத்தில் நிகழ்வதால் காயம் குறைகிறது. அமெரிக்காவில் சுற்றுவட்டமாக மாற்றப்பட்ட சந்திகளைப் பற்றி 2000 இல் வெளியான ஓர் ஆய்வு, காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 76 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.

ஆயினும் போக்குவரத்து ஓர் அளவைத் தாண்டினால் சுற்றுவட்டம் பயன்தராது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1976 ஆம் ஆண்டு வழிகாட்டி, எல்லாச் சாலைகளிலிருந்தும் சேர்த்து மணிக்கு 3000 வாகனங்கள் என்பதையே மேல்வரம்பாகக் கொண்டது. சென்னையில் ஜிஎஸ்டி சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை ஆகியன கூடும் கத்திப்பாரா, முன்பு ஒரு சுற்றுவட்டமாகவே இருந்தது. 2008 இல் அங்கு பூவிதழ் வடிவ மேம்பாலம் திறக்கப்பட்டது.