ஒட்டுத் துணியும் ஒதுக்கி வைத்த துணியும்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்மணிகளிடையே ஒரு நோன்பு பரவியிருக்கிறது. அது உணவைத் துறக்கும் நோன்பன்று. துணி வாங்குவதைத் துறக்கும் நோன்பு. 'இவ்வாண்டு முழுவதும் புதிய துணி வாங்குவதில்லை. வீட்டிலுள்ள இருப்பைக் கொண்டே தைப்பது' என்று தமக்குத் தாமே உறுதி செய்துகொள்கின்றனர். துண்டு துணுக்குகளை வீணாக்காமல் சேர்த்துத் தைப்பதற்கென்றே தோன்றியதாகக் கருதப்படும் ஒரு கைவேலையில், துணி வாங்குவதை நிறுத்துவதற்கு உறுதிமொழி வேண்டியிருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால், மதீனா, தூஸ், பகுதாது, சோழமண்டலக் கரை, அலபாமா எனப் பல இடங்களுக்கு நாம் சென்று வர வேண்டியிருக்கும்.

ஆங்கிலேயர் 'குவில்ட்' என்று அழைக்கும் இப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சு, அடியில் உள்துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டினால் பஞ்சு நகராமல் நிற்கும். வட இந்தியாவின் ரஜாயும் அரபியரின் லிஹாஃபும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர் இரும்புக் கவசத்தின் கீழ் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையொன்றை அணிந்தனர். அதற்கு 'ஆக்கெடன்' என்று பெயர். பஞ்சைக் குறிக்கும் 'அல்குத்ன்' என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. ஆங்கிலத்தின் 'காட்டன்' என்பதும் அதே வேரில் முளைத்ததே.

ருக்ஆ என்னும் சொல்

கிழிசலின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத் துணிக்கு அரபியில் 'ருக்ஆ' என்று பெயர். சிறு காகிதத் துண்டையும் அச்சொல்லே குறிக்கும். நம்மவர் பேச்சில் வழங்கும் 'ருக்கா' அதுதான். ஒட்டுகளால் ஆகியது 'முரக்கஅ'. மொகலாயர் காலத்தில் எழுத்தோவியங்களையும் சிற்றோவியங்களையும் ஏடுகளில் ஒட்டித் தொகுத்த தொகுப்புகளுக்கும் 'முரக்கஅ' என்றே பெயரிட்டனர்.

நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையார் விடை பகர்ந்த செய்தி முஸ்னது அஹ்மதில் உள்ளது. ஒட்டுப் போட்டு உடுத்தும் வரை ஓர் ஆடையைப் பழையதென்று ஒதுக்கிவிட வேண்டாம் என்னும் கருத்தில் அன்னையாருக்கு அறிவுரை கூறப்பட்டதாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதனை இமாம் திர்மிதீ அவர்களே 'ஙரீப்' என்று குறித்துள்ளார்கள் என்பதையும் நாம் சேர்த்தே சொல்லியாக வேண்டும். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருந்த காலத்தில், அவர்களுடைய இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியது இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. பாரசீகமும் ஷாமும் எவருடைய ஆட்சியின் கீழ் வந்தனவோ அவருடைய முதுகில் ஒட்டு இருந்தது. அது அலங்காரமன்று, கிழிந்தது, தைக்கப்பட்டது, அவ்வளவே.

சூஃபிகளின் கிர்காவும் ஒரு கண்டனமும்

இவ்வெளிமையை அடியொற்றிச் சூஃபிப் பெருமக்கள் ஒட்டுப்போட்ட அங்கியை அணிந்தனர். லாகூரில் அடக்கமாகியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் பாரசீக நூலில் இதற்கென ஒரு தனி அத்தியாயமே உண்டு. ஊசி எங்கே தலை காட்டுகிறதோ அங்கே இழுத்துத் தைத்தால் போதும் என்பார் ஒரு சாரார். ஒட்டு ஒழுங்காகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்பார் மறு சாரார். இரு கட்சிகளையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். தூஸ் நகரில் ஷைகு அபுல் காசிம் குர்கானி அவர்களிடம், ஓர் ஏழைத் துறவிக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர் மூன்றைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றாக ஒட்டைச் சரியாகத் தைக்கத் தெரிவதைச் சொன்னாராம். சரியான ஒட்டு எது? வறுமைக்காகத் தைத்த ஒட்டே சரியானது, பகட்டுக்காகத் தைத்ததன்று; தேவைக்காகத் தைத்தது கோணலாயினும் அது நேரானதே என்பது ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் தந்த விளக்கம்.

அந்த அளவுகோல் நாளடைவில் நெகிழ்ந்தது. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) பகுதாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள் தமது 'தல்பீஸு இப்லீஸ்' என்னும் நூலில் தம் காலத்துச் சிலரைக் கடுமையாகச் சாடுகிறார்கள். அவர்கள் வெவ்வேறு நிறத்தில் இரண்டு மூன்று ஆடைகளை எடுத்து, அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் ஒட்டித் தைத்து அணிகின்றனராம். கிழியாத துணியைக் கிழித்து ஒட்டுப் போடும் இச்செயலில் புகழாசையும் இச்சையும் ஒருங்கே சேர்கின்றன. பட்டாடையைவிட அது பலர் கண்ணுக்கு இனிதாய் இருக்கிறது என்பது இமாமவர்களின் கண்டனம். நல்ல துணியை வெட்டித் துண்டாக்கி, அத்துண்டுகளை ஒட்டி அழகு பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சோழமண்டலச் சீட்டி

இனி நம் கரைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களிலிருந்து கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணிகள் கப்பலேறின. கிழக்கே மலாய்த் தீவுகளுக்குச் சென்ற துணி வாணிகத்தில் நம் மரக்காயர்களுக்குப் பெரும் பங்குண்டு. மேற்கே ஐரோப்பாவுக்கு அவற்றைக் கொண்டு சென்றன கும்பினியார் கப்பல்கள். துவைத்தாலும் மங்காத அந்நிறங்களில் ஐரோப்பியர் மயங்கினர். தம் நாட்டு நெசவாளர் நலிவதைக் கண்ட பிரான்சு 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1701 முதல் அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுத்து, 1721இல் அவற்றைப் பயன்படுத்துவதையே தடுக்கும் சட்டம் இயற்றியது.

கிடைத்தற்கரிய பொருளின் துணுக்கும் அரியதுதானே? சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே வெட்டி வெள்ளைத் துணியின்மேல் பதித்துத் தைக்கும் முறை ஐரோப்பாவில் பரவியது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளுள் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்போர்வை இந்தியச் சீட்டியால் ஆனது. அதைத் தைத்தோர் ஏழையர் அல்லர்; மாளிகைவாசிகள்.

ஆலைத் துணியும் சாக்குத் துணியும்

குடியேறிய அமெரிக்கர் வறுமையின் காரணமாகத் துணுக்குகளைச் சேர்த்துப் போர்வை தைத்தனர் என்னும் கதை மிகவும் பரவியது. ஆராய்ந்தோர் கூறுவது வேறு. தொடக்கக் காலத்தில் துணி விலையுயர்ந்த பொருள்; குவில்ட் வசதியுள்ள வீட்டின் அடையாளம். மாசசூசெட்ஸில் லோவெல் நகர ஆலைகள் 1820களில் பெருகி, பருத்தித் துணி மலிந்த பின்னரே, 1840கள் முதல் கட்டங்களாக இணைக்கும் ஒட்டுப்போர்வை வீடுதோறும் பரவியது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் தென் மாநிலப் பருத்தி வயல்களில் உழன்ற கறுப்பின அடிமைகள். துணி மலிந்ததால் ஒட்டு வேலை பெருகியது என்பதே வரலாறு. இன்றைய நோன்பின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

எனினும் உண்மையான வறுமையில் பிறந்த போர்வைகளும் உண்டு. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்துச் சட்டையும் போர்வையும் தைத்தனர் உழவர் வீட்டுப் பெண்கள். அதையறிந்த ஆலையினர் சாக்குகளிலேயே பூவேலை அச்சிட்டு விற்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1941 ஜூன் 1ஆம் நாள் முதல் 1949 மார்ச் வரை துணிப் பங்கீடு நிலவியது. உள்ளதைச் செப்பனிட்டு உடுத்துமாறு மக்களுக்குக் கற்பிக்க 1943இல் அரசே ஒரு கையேடு வெளியிட்டது.

அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவொன்றில் ஒதுங்கியிருக்கும் 'ஜீஸ் பெண்டு' என்னும் சிற்றூரின் கதை நெஞ்சைத் தொடுவது. அங்கு வாழ்வோர் அடிமைகளின் வழித்தோன்றல்கள். வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் பிரித்து அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தனர். மிசூரி பெட்வே என்பார் 1942இல் கணவர் இறந்தபின், அவர் உடுத்துழைத்த ஆடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்வதற்காகத் தாயார் அதனைச் செய்ததாகப் பிற்காலத்தில் மகளார் கூறினார். இவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் பெரும் அருங்காட்சியகங்களில் தொங்கின. 2006இல் அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

நம் நாட்டிலும் இம்மரபு உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் காந்தா தைத்தனர். சிந்துவில் இதற்கு ரல்லி என்று பெயர். கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களுள் முஸ்லிம்களும் உளர். அவர்கள் பழந்துணியால் தைக்கும் 'கவந்தி'யை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் சென்று, நான்கு மூலைகளிலும் 'பூலா' என்னும் பூ வைத்து முடிப்பர்.

இருப்பு பெருகிய விதம்

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போல் சுவரில் மாட்டிக் காட்டியது. 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு விழா வந்தது. மறந்த கலைக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1979இல் ஜப்பானிய நிறுவனமொன்று சக்கர வடிவக் கத்தியை வெளியிட்டது. பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாயிற்று. பின்னர்த் துணியே 18 அங்குலத்திற்கு 22 அங்குலத் துண்டாகவும், கீற்றுகளாகவும், சதுரங்களாகவும் முன்கூட்டியே வெட்டிக் கட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஒரு காலத்தில் தையலில் எஞ்சிய துணுக்கு, இப்போது விற்பனைக்கென்றே ஆயத்தமாகும் சரக்காயிற்று.

கண்டபோது வாங்கிய துணி அலமாரியில் ஏறியது. அலமாரி நிறைந்து அறையாயிற்று. 'ஆயுள் முடியும் வரை தைத்தாலும் தீராத இருப்பு' என்பதற்கு அவர்கள் ஒரு கேலிச் சுருக்கெழுத்தே வைத்திருக்கின்றனர். அதன் பின்னரே இந்நோன்பு வந்தது. சிலர் நூலும் நடுப்பஞ்சும் மட்டும் வாங்கலாம் என்று விதிவிலக்கு வைத்துக்கொள்கின்றனர். சிலர் இரண்டு கெஜம் தைத்துத் தீர்த்தால் ஒரு கெஜம் வாங்குவதென்று கணக்கெழுதுகின்றனர். தள்ளுபடி என்னும் அறிவிப்பைக் கண்டதும் நோன்பை முறிப்போரும் உண்டு.

மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். வாணிகம் இறைவன் ஆகுமாக்கிய தொழில். எல்லாரும் வாங்காதிருந்தால் கடைக்காரர் கதி என்ன? ஒஹாயோ மாநிலத்தில் 1943இல் தொடங்கிய 'ஜோஆன்' என்னும் பெரும் துணிக்கடை நிறுவனம் நொடித்து, 2025இல் ஏறத்தாழ 800 கடைகளையும் மூடியது. அங்கு வேலை செய்தவர்களின் இழப்பு சிறிதன்று. மேலும், இருப்பு என்றும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 2020இல் கொரோனா பரவியபோது முகக்கவசத்திற்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஏப்ரல் 3ஆம் நாள் துணிக்கவசம் அணியுமாறு மக்களுக்குப் பரிந்துரைத்தது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி அதற்கு ஏற்றது. அதுவோ போர்வை தைப்போரின் அலமாரிகளில் அடுக்கடுக்காக இருந்தது. அவர்கள் அதை வெட்டி, தைத்து, மருத்துவமனைகளுக்கும் அண்டை அயலாருக்கும் இலவசமாக வழங்கினர். பல்லாண்டு முடங்கிக் கிடந்த துணி சில வாரங்களில் உயிர்காக்கும் பணிக்குச் சென்றது.

அப்படியாயின் துணி வைத்திருப்பது நன்றா, தீதா? திருமறையின் 102ஆம் அத்தியாயத்திற்கு 'அத்தகாஸுர்' என்று பெயர். மேலும் மேலும் பெருக்கிக்கொள்வதில் போட்டியிடுவது என்பது அதன் பொருள். அவ்வத்தியாயத்தை ஓதிய வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தியின் சாரம் இது: மனிதன் 'என் பொருள், என் பொருள்' என்கிறான், உண்டு தீர்த்ததும், உடுத்து நைந்ததும், தானம் செய்து முன்னனுப்பியதும் அல்லாமல் அவனுக்கு உரியது வேறு எது? இங்கு உடுத்ததோடு நில்லாமல் 'நையச் செய்தது' என்னும் சொல்லும் சேர்ந்து வருவதை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நைந்து போகும் வரை பயன்பட்ட துணியே நம்முடையது. மடிப்புக் கலையாமல் இருக்கும் துணி நம் பெட்டியில் இருக்கலாம், அது வாரிசுகளுடையது.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் மிசூரி பெட்வேயின் போர்வையும், 2020இல் முகக்கவசமான துணியும், ஹளரத் உமர் (ரலி) அவர்களின் ஒட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பகுதாதில் வெட்டப்பட்ட புதுத்துணியும், பிரிக்கப்படாத துணிக்கட்டும் மற்றொரு வரிசையில் நிற்கின்றன. கடைக்காரருக்கும் இதனால் தீங்கில்லை. பயன்படுத்துவதற்காக வாங்குபவர் என்றும் அவரிடம் திரும்பி வருவார்.

இது எங்கோ உள்ள பெண்களின் வேடிக்கை என்று நாம் எண்ணிவிடலாகாது. கடல்கடந்து உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய துணிகள், திருமண வீட்டுச் சீர்ச் சேலைகள், தைக்கக் கொடுக்காமலே ஆண்டுகள் கடந்த சட்டைத் துணிகள் நம் வீட்டு பீரோக்களிலும் அடைந்து கிடக்கின்றன. அவற்றின் மீதே அடுத்த பெருநாள் துணியையும் நாம் வைக்கிறோம். ஷஃபான் மாதத்தில், கடைவீதிக்குப் புறப்படுமுன், வீட்டார் கூடியமர்ந்து அப்பீரோவைத் திறப்பது நலம். உடுத்தத் தக்கதைத் தைக்கக் கொடுப்போம், கிழிந்ததைச் செப்பனிடுவோம், உடுத்தப்போவதில்லை என்று தெரிந்ததை, மடிப்புக் கலையாமல் இருக்கும்போதே, அது இல்லாத வீட்டுக்கு அனுப்பிவைப்போம். அதன் பிறகும் குறைவாக உள்ளதை மட்டும் வாங்கச் செல்வோம். வல்ல இறைவன் நமக்கு அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக!