யானைக்கு ஓர் அவுன்ஸ், அணிலுக்கு ஒன்றரைக் கிராம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் வன்னிக்காரருக்கு ஊர்ச்செய்தி இப்போதெல்லாம் குரங்கில்தான் தொடங்குகிறது. குரும்பட்டியைப் பிடுங்கி எறிந்த குரங்கு, மரவள்ளியைக் கிண்டிய பன்றி, பயிற்றங்கொடியைக் கொத்திய மயில். பேச்சு எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததே: "கையில ஒரு துவக்கு இருந்தால்..." ஆனால் துவக்கு தானாக எதையும் அடிப்பதில்லை. அதற்குள் போகும் மருந்தும் சன்னமும்தான் அடிக்கின்றன. பயிரழிக்கும் விலங்குக்கென்று தன் கையாலேயே மருந்தளந்து வெடி நிரப்பிய மரபுகள் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று 19ஆம் நூற்றாண்டு இலங்கையின் யானை வேட்டை. மற்றது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் சிறுவிட்ட றைபிள்.

யார் பயிரழிப்பான்?

இன்று யானையைக் கொல்வது பெருங்குற்றம். அன்று அது அரசு பரிசு கொடுத்த காரியம். குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்த கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் இன்னும் 2,000.

அமெரிக்காவில் அந்த இடத்தில் நின்றவை கொறிவிலங்குகள். புல்வெளியில் வளை தோண்டும் வுட்சக்கும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாயும் அங்குள்ள பண்ணைக்காரனின் எதிரிகள். ஒன்று டன் கணக்கில் எடையுள்ளது. மற்றது ஒரு கையால் தூக்கக்கூடியது. இலக்கு எதுவோ, வெடி அதற்கேற்ப அமைந்தது.

நிறையும் வேகமும்

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்த ஒற்றைக்குழல் றைபிளை வைத்திருந்தார். துவக்கின் எடை 21 இறாத்தல். உருண்டைச் சன்னம் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்து. அது முழு ஓர் அவுன்ஸ், 28 கிராம். மென்மையான ஈயம் மண்டையோட்டில் நசுங்கிவிடும் என்பதால் அதில் பாதரசம் கலந்து இறுக்கினார். பத்துப் பதினைந்து எட்டு தூரத்தில் நின்று சுடுபவருக்கு வேண்டியது ஊடுருவல்.

1950இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் உருவாக்கிய .222 தோட்டாவை இதன் பக்கத்தில் வையுங்கள். சன்னம் 50 கிரெயின், ஏறக்குறைய 3.2 கிராம். மருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிராம். வேகம் மட்டும் விநாடிக்கு 3,200 அடி. 1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 சுவிஃப்ட் 4,000 அடியையும் தாண்டியது. இவ்வேகத்தில் சன்னம் நேர்கோட்டுக்கு நெருக்கமாகப் போகிறது. தூரத்தைத் தவறாகக் கணித்தாலும் பிழை சிறிது. 300 யார் தொலைவில் எழுந்து நிற்கும் பிரெய்ரி நாயின் அகலம் மூன்று அங்குலமளவே. 100 யாரில் ஓர் அங்குலத்துக்குள் சுடும் துவக்கு, 300 யாரில் மூன்று அங்குலத்துக்கு விரிகிறது. 100 யாரில் அரை அங்குலத்துக்குள் சுடும் துவக்குத்தான் அங்கே நம்பத் தகுந்தது.

மருந்தின் குணம்

கருமருந்து பொறுமையானது. சற்றுக் கூடினாலும் குழலுக்குள் அமுக்கம் மெதுவாகவே ஏறும். ஆனால் எரிந்தபின் அதன் நிறையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக எஞ்சும். முதல் வெடி சென்ற குழலும் இரண்டாம் வெடி செல்லும் குழலும் ஒன்றல்ல. மலைநாட்டு ஈரம் அதை இன்னும் கெடுக்கும்.

புகையில்லா மருந்து சுத்தமாக எரியும், ஆனால் மன்னிக்காது. .222இன் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50,000 இறாத்தல் அமுக்கம் எழும். எல்லைக்கருகில் சிறிது மருந்து கூடினாலும் அமுக்கம் துள்ளி ஏறும். வெயிலில் சூடான தோட்டாவிலும் அப்படியே. அதனால்தான் மருந்து நிறுவனங்களின் கைநூல்கள் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏறச் சொல்கின்றன.

ஒரே மாதிரி, மறுபடியும்

இரு மரபும் பிரியும் இடம் இதுதான். பேக்கரின் காலத்தில் கருமருந்தை அளவைக் குவளையால் அளந்தார்கள். சிறுவிட்டக்காரன் 0.1 கிரெயினை, அதாவது 6.5 மில்லிகிராமை நிறுத்தெடுக்கிறான். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் செட்டியார் தெரு நகைக்கடைத் தராசில் காணும் அதே நுணுக்கம் இது. தொழிற்சாலைத் தோட்டா அந்த விட்டத் துவக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தச் செய்தது. கைநிரப்புத் தோட்டாவோ ஒரே ஒரு துவக்குக்கென்று செய்தது. ஒருமுறை சுட்ட பித்தளைக் கோது அந்தத் துவக்கின் அறை வடிவை எடுத்துக்கொள்கிறது. அதன் கழுத்தை மட்டும் இறுக்கி, நீளத்தை வெட்டிச் சமன்படுத்தி, மீண்டும் நிரப்புகிறார்கள்.

அடுத்தது சன்னம். குழலின் புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 50 கிரெயின் சன்னம் நேராகப் போகும். நீண்ட, கனமான சன்னம் தள்ளாடும். அதன்பின் சன்னத்தின் முனைக்கும் புரி தொடங்கும் இடத்துக்கும் இடையே எவ்வளவு வெளி என்ற கேள்வி. அங்கே மயிரிழை மாற்றமும் இலக்கில் தெரியும். இத்தனையிலும் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். மருந்தையும் சன்னத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. மூன்று வெடி நெருக்கமாக விழுந்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஐந்தைந்து வெடியாக, வேறு வேறு நாட்களிலும் அதே நெருக்கம் வந்தால்தான் அளவு சரியென்று குறிப்பேட்டில் ஏறும்.

தீர்ப்பு

வேலைத்திறத்தில் சிறுவிட்டமே மேல். பேக்கரின் வெடி பலத்தால் பிழையை மறைத்தது; .222 பிழையை அளந்து குறைத்தது. ஆனால் வன்னித் தோட்டத்துக்கு இரண்டும் மருந்தல்ல. இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சுடுபடைக் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்கவே உரிமம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெடிமருந்தை 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் தோட்டா நிரப்புவது இங்கு பொழுதுபோக்காக முடியாது. பன்றிக்கென்று இரையில் வைக்கும் "ஹக்கபட்டாஸ்" வெடி யானைக்கன்றின் வாயைக் கிழிப்பதை நாம் பார்க்கிறோம். அளவில்லாத வெடியின் விளைவு அது.

எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மலையணில், மயில் ஆகியவற்றை விவசாய அமைச்சு எண்ண வைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரே நாளில் ஒரேயொரு ஐந்து நிமிடம் என்பது ஒற்றை வெடியை வைத்துத் துவக்கின் குறியைத் தீர்மானிப்பது போன்றது. வேலி, காவல், கருத்தடை, இடமாற்றம் என்று எந்த வழியை எடுத்தாலும் ஒரு பிரதேசத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பல பருவம் எண்ணி, எழுதி வையுங்கள். எதிரியென்று எதை அறிவிப்பது என்ற முடிவு அதற்குப் பிறகு வரட்டும். 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுத்த அரசும் தன் காலத்தில் தான் செய்வது சரியென்றே நினைத்திருந்தது.