நகரம் மறந்த காய்ச்சல்

2006ஆம் ஆண்டு சிக்குன்குனியா சென்னையில் பரவியபோது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் நாம் அதைப் புதிய நோயாகவே பேசிக்கொண்டோம். ஆனால் 1964இலேயே அது இந்நகரில் பெருந்தொற்றாக வந்துபோயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவில். 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில். அதன்பின் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அது இந்தியாவில் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

1952இல் தாங்கனிக்காவில் அடையாளம் காணப்பட்ட இந்நோய்க்கு, உடலை வளைத்து முடக்குவது என்ற பொருளில் மக்கோண்டே மக்களின் மொழியிலிருந்து பெயர் வந்தது. நோய் அதனினும் பழையதாக இருக்கலாம். 1824லும் 1871லும் இந்தியாவில் பரவி, டெங்கு என்று பதிவான கொள்ளைக் காய்ச்சல்கள் உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கக்கூடும் என்று, 1960களில் வேலூரில் வைரஸ் ஆய்வு செய்த டொனால்ட் கேரி 1971இல் வாதிட்டார். பெயர் மாறியதால் வரலாறும் கைநழுவியது.

ஆனால் உடல் மறப்பதில்லை. வைரஸ் நுழைந்த சில நாட்களில் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் தோன்றுகிறது. பின்தொடரும் ஐஜிஜி பல்லாண்டுகள் நிலைக்கிறது. 1964இல் வந்தது ஆசிய மரபுவகை. 2006இல் வந்தது இந்தியப் பெருங்கடல் தீவுகளைச் சூறையாடிய ஆப்பிரிக்க மரபுவகை. எனினும் ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றதையும் அடையாளம் காணும். ஆகவே அன்று படுத்தெழுந்தவர்களுக்கு இன்னொரு முறை காவல் இருந்திருக்கும். பிறகு பிறந்தவர்களுக்கும் வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கும் அது இல்லை. பிறப்பாலும் இறப்பாலும் ஊரின் எதிர்ப்புச் சக்தி ஓசையின்றிக் கரைந்தது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி நாம் நிரப்பிவைத்த குடங்களிலும் தொட்டிகளிலும் ஏடிஸ் கொசு மட்டும் இடைவிடாமல் வாழ்ந்தது. 2006இல் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது.

இந்தக் காவலுக்கு விலையும் உண்டு. காய்ச்சல் தணிந்த பின்னும் சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மூட்டுகள் வலிக்கின்றன. வைரஸை எதிர்க்க உடல் மூட்டிய அழற்சி அடங்க மறுப்பதும் அதற்கொரு காரணம்.

தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்பொருள் சில மாதங்களே நிற்கும். அதற்குமேல் ஒரு தலைமுறை அடுத்ததற்குக் கொடுக்கக்கூடியது எழுதிவைத்த நினைவு ஒன்றுதான். 1964ஐ நாம் சரியாக எழுதிவைக்கவில்லை, 2006ஐயாவது எழுதிவைப்போம்.