அப்பாயி பொறுப்பில்

1840களில் இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்த கூட்டங்களில் கிழவிகளைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். கோப்பித் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது பழம் பறிக்கும் கை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்த கங்காணி வயதைப் பார்த்தே சேர்த்தான். காலரா, அம்மை, தண்ணீர் கிடைக்காத தங்கல்கள் என்று இளவட்டங்களே வழியில் செத்து விழுந்த பயணம் அது. பிழைத்து வந்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று முத்துமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாக 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில்தான் வந்து முடிந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பலர் ஊரிலேயே இருந்தார்கள். கோப்பி அறுவடை சில மாத வேலை. முடிந்ததும் ஆட்கள் கையிலிருந்த காசோடு கடல் கடந்து திரும்பினார்கள். அப்பன் இலங்கையில் பழம் பறிக்க, பேரனைத் தமிழ்நாட்டில் அப்பாயியோ அம்மாயியோ வைத்திருந்தாள். தோட்டத் தொழிலாளியின் குடும்பம் தொடக்கத்திலேயே இப்படி இரண்டாகத்தான் இருந்தது.

1869இல் இலைநோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தபோது கோப்பி தன் கடைசிக் காலத்தில் இருந்தது. பின்னால் வந்த தேயிலை வேறு விதமான பயிர். கொழுந்து வருஷம் முழுவதும் துளிர்க்கும், விட்டால் முற்றிவிடும். அதற்குப் பெண்களின் கை ஓயாமல் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, தங்கின, லயம் என்ற வரிசை வீட்டிலேயே பிள்ளை பெற்றன, லயத்திலேயே முதுமை அடைந்தன. தோட்டத்தில் பாட்டி என்று ஒருத்தி பரவலாக இருக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மலையகத்தின் குடும்ப வரலாற்றில் இது பெரிய மாற்றம். தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பாட்டிக்குக் கிடைத்த இடம் காம்பரா என்ற பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னால் இஸ்தோப்பு என்ற ஒடுங்கிய திண்ணை, அதற்கு முன்னால் வாசல், வாசலுக்கு அப்பால் கான் என்ற வடிகால். விடியும் முன்பே தப்பு மேளம் ஒலிக்கும். மகனும் மருமகளும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். மருமகள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு மலையேறினால் பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் திரும்பி வரமுடியும். அதுவரை இரண்டு, மூன்று, சில வீடுகளில் நான்கு பிள்ளைகள் கிழவியிடம். அடுப்பு உள்ளே, கான் வெளியே, பாம்பும் அட்டையும் தேயிலைக்குள்ளே. பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டாமல் அவளால் ஒரு பானை சோறு வடிக்க முடியாது. விளையாட்டு அங்கே காவலும் கூட.

கைப்பிள்ளைக்கு உத்தரத்தில் கட்டிய பழைய சேலை. அதன் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, அடுப்படியில் உட்கார்ந்தபடியே இழுத்து ஆட்டலாம். உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு விரல் விளையாட்டு: உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரலுக்கு ஒரு உறவாகப் பெயர் சொல்லிச் சோறு பங்கிட்டு, கடைசியில் இரண்டு விரலை நண்டாக நடத்திக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுவது. தமிழ்நாட்டிலும் இது உண்டு. ஆனால் அத்தையும் மாமனும் கடலுக்கு அப்பால் இருந்த லயத்தில், உறவு முறைகளை ஒரு பிள்ளை முதன்முதலாகக் கற்ற இடம் பாட்டியின் உள்ளங்கைதான்.

நடக்கும் பிள்ளைகளுக்கு மலையே பொருள் தந்தது. மாத்தளையின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்து உயரங்களில் தேயிலை. கீழே இறங்க இறங்க ரப்பர், கொக்கோ, கமுகு, தென்னை, மிளகு. ஒரே மாவட்டத்தில் இத்தனை வகை மரங்கள் இருந்ததால் விளையாட்டுச் சாமான்களும் அத்தனை வகை. மேலே உருண்டைத் தேயிலைக் கொட்டை கோலியாகும். கீழே வெயில் காலத்தில் ரப்பர்க் காய்கள் மரத்திலேயே வெடித்து, புள்ளி போட்ட வழுவழுப்பான கொட்டைகளைச் சிதறும். அதைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்பது பையன்களின் வேலை. அதே கொட்டைகளைப் பறித்து எண்ணவும் அடுக்கவும் சொல்லிக் கொடுப்பது பாட்டியின் வேலை. ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை நூல் நூலாக உரித்துச் சுற்றினால் துள்ளும் பந்து கிடைக்கும். உடைத்த கொக்கோக் காயின் வெள்ளைச் சதையைச் சப்பிக்கொண்டு அரைமணி நேரம் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருப்பார்கள். விழுந்த பாக்கு மட்டையில் சின்னதை உட்காரவைத்துப் பெரியது இழுக்கும். சரிவான பாதையில் அதைவிட நல்ல வண்டி எதுவும் இல்லை.

பல்லாங்குழிக்குப் பலகை வேண்டியதில்லை. வாசல் மண்ணில் இரண்டு வரிசையாக ஏழேழு குழி தோண்டினால் போதும். புளியங்கொட்டை, மஞ்சாடி என்று கைக்கு அகப்பட்டதே காய். எண்ணிக்கை தெரியாத பிள்ளையும் நாலு நாளில் பகிர்ந்து போடவும் பசுப் பிடிக்கவும் பழகிவிடும். பள்ளிக்கூடம் பெயருக்கு மட்டும் இருந்த தோட்டங்களில், பல பெண்பிள்ளைகள் கணக்குக் கற்றது இந்தக் குழிகளில் என்றால் அது மிகையாகாது.

பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் குழி வெட்டிய பலகையில் குன்றிமணிகளை வைத்து ஆடும் ‘ஒலிந்த’ அது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில் இலங்கையின் இத்தகைய குழி ஆட்டங்களை விரிவாக எழுதினார். குன்றிமணி நஞ்சு என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வாசலில் அதற்குப் பதில் புளியங்கொட்டையே நல்லது; இதை எந்தப் பாட்டிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தாத்தாவின் பங்கு பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. மாசி மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால், ரதி மதன் கதையை இரவிரவாகக் கேட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகள் மடியிலேயே தூங்கிப் போவார்கள். அடுத்த நாள் பகலில் இஸ்தோப்பே கூத்துக்களம். பாட்டியின் சேலைதான் ரதிக்கு உடை.

வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்குப் பிள்ளைக் காம்பரா இருந்தது. பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். மலையேற முடியாமல் போன ஒரு வயதான தொழிலாளியைத்தான் பல தோட்டங்களில் ஆயாவாக வைத்தார்கள். வீட்டுப் பாட்டி செய்ததையே அவள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தாள். வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள், ஒரே ஆள். பெண் தொழிலாளிக்குப் பேறுகாலக் கொடுப்பனவைச் சட்டமாக்கியது 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை, மடுவம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் பின்னர் சேர்ந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது வீடமைப்புக்கும் சமூக நலனுக்கும் என ஒரு நிதியம் உருவானது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுதான். மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. ஆயாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்த நன்மை உண்மையானது. சுவரில் படமும், நேரத்துக்குச் சத்துணவும், எடை பார்க்கும் தராசும் வந்தன.

ஆனால் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் பிரித்த ஒன்றைப் பற்றியும் பேசாமல் இந்த வரலாறு முடியாது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் அப்பாயிக்கு இந்தியக் கடவுச்சீட்டும் பேரனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். மேடையில் நின்று அழுதவர்களில் பெரியவர்களை மட்டுமே வரலாறு குறித்து வைத்தது. பிறந்ததிலிருந்து பாட்டியின் சேலைத் தொட்டிலில் தூங்கிய மூன்று வயதுப் பிள்ளை அடுத்த நாள் இரவு எப்படித் தூங்கியிருக்கும் என்பதை எந்த ஒப்பந்தமும் கணக்கில் எடுக்கவில்லை. நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய கிழவிகளுக்கும் அதே நிலைதான்.

1980களுக்குப் பின் பிரிவு வேறு திசையில் வந்தது. தோட்டச் சம்பளம் போதாத வீடுகளிலிருந்து தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். கோப்பிக் காலத்து ஏற்பாடு மீண்டும் வந்துவிட்டது: பெற்றவள் கடலுக்கு அப்பால், பிள்ளை பாட்டியிடம். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. அதற்கு மேல் வயதுள்ள பிள்ளை என்றால் பொறுப்பாளர் யார் என்று காட்டவேண்டியிருந்தது. 2022இல், பொருளாதாரம் சரிந்த ஆண்டில், அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகச் சம்பளமில்லாமல் நடந்த பாட்டியின் வேலை ஒரு அரசாங்கப் படிவத்தில் இடம்பெற்றது இப்படித்தான்.

மலையகத்தின் வாய்மொழிச் செல்வத்தைச் சேர்த்து வைத்தவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுத்தார். மாத்தளை வடிவேலன் இந்த மண்ணின் கூத்துகளையும் கலைகளையும் எழுதினார். தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அதனால் அச்சேறின. கையும் கொட்டையும் அசையும் விளையாட்டை அச்சில் பிடிப்பது கடினம்: எந்தக் குழியிலிருந்து தொடங்குவது, எந்தக் கையால் அள்ளுவது, தோற்ற பிள்ளை அழுதால் பாட்டி எந்தக் குழியைச் சும்மா விட்டுக்கொடுப்பாள். நெடுங்காலம் வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அலுவிகாரை, மாத்தளை நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டிகளின் விளையாட்டுகளைப் பதிந்து வைக்க ஏடும் தேவையில்லை. மத்தியானம் சிறுவர் நிலையத்துக்குப் பேரனை அழைத்துப்போக வரும் அறுபது, எழுபது வயதுப் பெண்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பிள்ளைகளோடு ஆடச் சொல்லி, உத்தியோகத்தரின் கையிலிருக்கும் தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். ரத்தோட்டையிலும் எல்கடுவவிலும் இதை அடுத்த வாரமே தொடங்கலாம்.