பங்கு விலையும் பாறைப் பொன்னும்

பெங்களூரில் வாழும் தமிழருக்கு லவெல் சாலை தெரிந்த இடமே. அதற்குப் பெயர் தந்த மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவெல், படைச் சேவையினின்று ஓய்வுபெற்று இந்நகரில் குடியமர்ந்தவர். 1873-இல் கோலார்ப் பகுதியில் சுரங்கம் வெட்ட மைசூர் அரசினரிடம் உரிமை கோரினார்; கைப்பொருள் போதாமையால் பின்னர் அதைப் பிறரிடம் ஒப்படைத்தார். இன்று பங்கு வாணிபத்தில் ஈடுபட்டுள்ள நம்மவர் ஓயாது வாதிடும் ஒரு கேள்விக்கு, அவர் தொடங்கிவைத்த கதையில் நல்ல சான்று உண்டு.

பங்கு வாங்குவோர் அதன் விலை ஏறியிறங்கிய கோட்டை நோக்க வேண்டுமா, கம்பெனியின் உண்மை நிலையையும் செய்திகளையும் நோக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. அறிந்தார், அறியாதார் அனைவருடைய எண்ணமும் விலையிலேயே அடங்கிவிட்டது என்பர் கோட்டை ஆய்வோர். அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கட்டுரைகள் இம்முறைக்கு வித்திட்டன. சொத்து, கடன், இலாபம் ஆகியவற்றைக் கணக்கிடுக என்பது, 1934-இல் நூல் வெளியிட்ட பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் இருவரின் கட்சி.

இவ்விரு கட்சிகளும் தோன்றுமுன்பே நம் பக்கத்தில் ஒரு சோதனை நடந்துவிட்டது. வயநாட்டில் தங்கம் உண்டா என்று ஆராய, ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற பிரப் ஸ்மித் என்பாரை இந்திய அரசாங்கம் 1879-இல் அமர்த்தியது. அவருடைய அறிக்கை நம்பிக்கை ஊட்டிற்று. அறிக்கையில் 'இருக்கலாம்' என நிற்பது, பங்கு விற்போர் வாயில் 'இருக்கிறது' என்று மாறுவது எளிது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்வேற்றுமையின் விலை தெரியும். லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் எழுந்தன. பந்தலூர், தேவாலாப் பக்கங்களுக்கு எந்திரங்கள் வந்து இறங்கின. அரைத்த கல்லிலோ செலவுக்குப் போதிய தங்கமும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. விலைக்கோடு மட்டுமன்று, நிபுணரை நம்பியவரும் ஏமாந்தனர் என்பதை இங்குக் கருத வேண்டும். 'அடிப்படை' எனப்பட்டதே பாறையில் இல்லை, தாளில்தான் இருந்தது.

கோலாரில் நேர்ந்தது இதற்கு மறுதலை. 1880-இல் அமைந்த மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனியின் ஒரு பவுன் பங்கு, சில ஆண்டுகளில் சில பென்ஸ் விலைக்கு இறங்கியது. மூலதனமும் பெரும்பாலும் கரைந்திருந்தது. அன்று அவ்விலையைக் கோடாக வரைந்திருந்தால், விற்றுவிட்டு விலகுக என்றே அது உரைத்திருக்கும். ஆயினும் நிர்வாகிகளாகிய ஜான் டெய்லர் நிறுவனத்தார் எஞ்சிய பணத்தைக் கொண்டு தொடர்வதென முடிவுசெய்து, கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க வல்லுநரை அனுப்பினர். முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளை மற்றவர் வறண்டவை என ஒதுக்கினர். அவர் அவற்றுக்கும் கீழே இறங்கிப் பார்த்தார். அங்குதான் சாம்பியன் ரீப் என்னும் வளமிக்க தங்கப் படிவம் வெளிப்பட்டது. விலை அறியாத ஒன்றைக் கடப்பாரை அறிந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் அங்குக் குடியேறியது அதன் பின் விளைவே.

செய்தியின் வலிமைக்கும் பெங்களூரே சாட்சி கூறும். 2003 ஏப்ரல் 10-இல் இன்போசிஸ் நிறுவனம் வரும் ஆண்டின் வளர்ச்சியைப் பற்றி வெளியிட்ட மதிப்பீடு எதிர்பார்த்ததினும் குறைவாக இருந்தது. ஒரே நாளில் பங்கு விலை கால்பாகத்துக்கு மேல் வீழ்ந்தது. முந்திய நாள்வரை வரைந்த எந்தக் கோடும் அம்மதிப்பீட்டைப் படித்திருக்க முடியாது. ஆனால் அன்று செய்தி கேட்டு அஞ்சி விற்றவரும் வென்றார் எனல் ஆகாது. கம்பெனி அதன்பின் பல ஆண்டுகள் வளர்ந்தது. கோட்டை ஆய்வோர்க்கும் நியாயம் வழங்குவோம்: கூட்டத்தின் அச்சத்தையும் ஆசையையும் அக்கோடு உண்மையாகவே பதிவுசெய்கிறது. பாறையைப் பதிவுசெய்வதில்லை.

கோலார்ச் சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசு ஏற்றது. பிறகு அவை மத்திய அரசிடம் சென்றன. அன்று முதல் அவற்றுக்குச் சந்தை விலை என்ற கோடு இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற குழிகளில் தாதுவின் தரம் தாழ்ந்து, எடுக்கும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனதை அங்கு இறங்கிய தொழிலாளர் நாள்தோறும் கண்டனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.